70 கிலோவுக்குள்ளே என்ன இருக்கு?

போன மாசம் எங்கட கூட்டத்தில ஒருத்தி ஒரு துண்டைக் கொண்டுவந்து காட்டினாள். ஜிம்மில இருக்கிற மெசினில ஏறி நிண்டதும் அடிச்சுக் குடுக்கிற துண்டு. மூன்று கிழமையா இரவுச் சாப்பாட்டை விட்டு மூன்று கிலோ குறைச்சிருந்தாள். சந்தோசப்பட வேண்டிய ஆள், அழுவாரைப்போல நிண்டாள். கொழுப்பு வீதம் குறையவில்லை, கொஞ்சம் கூடியிருந்தது. குறைந்தது 'கொழுப்பில்லாத் திணிவு'. பயிற்றுநர் கையோட ஒரு புரோட்டீன் மா டின்னையும் வாங்கச் சொல்லிவிட்டார்.

கனபேர் நினைக்கிறதுபோல கொழுப்பில்லாத் திணிவு எண்டால் தசை மட்டும் இல்லை. உடம்பில கொழுப்பைக் கழிச்சால் மிஞ்சுகிற எல்லாமே அதுதான்: தசை, எலும்பு, ஈரல், இரத்தம், தண்ணீர். அதில முக்கால்வாசிக்குக் கிட்டத் தண்ணீர். சாப்பாட்டைக் குறைத்தவுடன் உடல் சேமித்து வைத்த கிளைக்கோஜன் கரையும். ஒரு கிராம் கிளைக்கோஜனோட ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்து போகும். ஆகவே அவள் இழந்ததில தண்ணீர் எவ்வளவு, தசை எவ்வளவு எண்டு அந்தத் துண்டு சொல்லவே இல்லை.

மெசின் இல்லாமலும் மதிப்பிடலாம். 1984இல் வெளிவந்த போயர் சூத்திரம் பிரபலமானது. ஆண்களுக்கு, நிறையை (கிலோ) 0.407ஆலும் உயரத்தை (செ.மீ) 0.267ஆலும் பெருக்கிக் கூட்டி 19.2ஐக் கழிக்க வேண்டும். பெண்களுக்கு அந்த எண்கள் 0.252, 0.473, 48.3. 70 கிலோ, 170 செ.மீ உள்ள ஒரு பெடியனுக்கு 54.7 கிலோ வரும். சரி, அதே நிறை, அதே உயரத்தில விடிய விடிய வலை இழுக்கிறவனும் இருக்கிறான், நாள் முழுக்கக் கணினிக்கு முன்னால இருக்கிறவனும் இருக்கிறான். சூத்திரம் ரெண்டுபேருக்கும் 54.7தான் சொல்லும். பாவம், அதுக்கு வேறென்ன தெரியும்?

மெசினும் நேரடியா அளக்கிறதில்லை. மெல்லிய மின்னோட்டத்தை அனுப்பி உடலின் தடையைப் பார்த்து, வயது, உயரம், பால் எல்லாத்தையும் சேர்த்துக் கணிக்குது. தண்ணீர் குறைஞ்ச உடம்போட ஏறினால் கொழுப்பைக் கூட்டிக் காட்டும்.

அப்ப இதெல்லாம் வீணா? இல்லை. எங்களுக்கு இது கூடவே தேவை. 2004இல் யாஜ்னிக், யுட்கின் எண்ட இரண்டு மருத்துவ ஆய்வாளர்கள் தங்கட உடம்பையே 'லான்செற்' சஞ்சிகையில ஒப்பிட்டுக் காட்டினார்கள். இருவருக்கும் உடற்திணிவுச் சுட்டி 22.3. லண்டன்காரர் யுட்கினின் கொழுப்பு 9.1%, புனேக்காரர் யாஜ்னிக்கினது 21.2%. ஒரே சுட்டியிலும் தெற்காசியர்களுக்குப் பொதுவாகத் தசை குறைவு, கொழுப்பு கூட. ஆசியர்களுக்கு 23இலிருந்தே கவனிக்க வேண்டும் எண்டு உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அதே வருடம் சொன்னதும் இதனால்தான். ஆனா கலியாண வீட்டில "மெலிஞ்சு வடிவா வந்திட்டாய்" எண்டு சொல்லுறவைக்கு, எது மெலிஞ்சது எண்ட கேள்வியே வாறதில்லை. அந்தப் பாராட்டுக்காகத்தான் கனபேர் இரவில பட்டினி கிடக்கினம்.

ஒரேயொரு துண்டைக் காட்டி டின் விற்கிறது பிழை எண்டுதான் நாங்கள் நினைக்கிறம். அதே மெசின், அதே நேரம், மாதம் ஒருக்கா எடுத்தால் அந்த எண் ஏறுதா இறங்குதா எண்டாவது தெரியும். கூடவே ஒரு அளவுநாடா. இடுப்புச் சுற்று ஆண்களுக்கு 90 செ.மீ, பெண்களுக்கு 80 செ.மீ எண்ட தெற்காசிய எல்லையைப் பார்க்க அதுவே போதும். பாரம் தூக்கினால் 'ஆம்பிளை மாதிரி' ஆகிவிடுவம் எண்ட பயத்தைப் பெட்டையள் விடவேணும். நிறை குறைக்கிற காலத்தில தசையைக் காப்பாற்றுகிறது பாரமும் புரதமும்தான். புரதம் எண்டால் முட்டை, பயறு, கடலை, நெத்தலி எல்லாம் சந்தையிலேயே கிடக்கு.

அவள் இப்ப இரவில சாப்பிடுறாள். அடுத்த துண்டை மாச முடிவில, காலமை வெறும் வயித்தோட எடுக்கப்போறாள். கூடப் போக நாங்களும் இருக்கிறம்.