கரை சேராத சந்தா

வெளிநாட்டிலிருந்து அழைத்துவரப்படும் ஊழியருக்கான புதிய எச்-1பி விண்ணப்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் டிரம்ப் ஆணையிட்டபோது, தில்லியில் எழுந்த பதற்றம் இயல்பானதே. அந்த ஆணையின் வரம்புக்குள் வராத எல்-1 விசாவின் மீது நிறுவனங்களின் பார்வை திரும்பியதிலும் வியப்பில்லை. ஆனால், எச்-1பி குறித்து ஓயாமல் பேசும் நமது அரசியல்வாதிகள், எல்-1 விசாவில் செல்லும் இந்தியர்களின் நிலை குறித்து வாய் திறப்பதே இல்லை.

1970-ல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு இது. பல நாடுகளில் கிளை பரப்பிய ஒரு நிறுவனம், தனது ஊழியரைத் தனது அமெரிக்கக் கிளைக்கு மாற்றிக்கொள்ள வழி செய்கிறது. மேலாளர்களுக்கும் உயர் நிர்வாகிகளுக்கும் எல்-1ஏ. நிறுவனத்துக்கே உரிய சிறப்பறிவு பெற்றவர்களுக்கு எல்-1பி. முந்தைய மூன்று ஆண்டுகளில் தொடர்ந்து ஓராண்டாவது அந்த நிறுவனத்தில் வெளிநாட்டில் பணியாற்றியிருக்க வேண்டும். எச்-1பிக்கு இருப்பதுபோல ஆண்டு உச்சவரம்பு இதற்கு இல்லை, குலுக்கலும் இல்லை. அந்த வட்டாரத்தில் அந்த வேலைக்கு நிலவும் ஊதியத்தைத் தர வேண்டும் என்கிற நிபந்தனையும் இல்லை.

சிறப்பறிவு என்றால் என்ன? இந்தக் கேள்விக்கு அமெரிக்காவாலேயே தெளிவான விடை தர முடியவில்லை. பிரேசில் நாட்டு முறையில் இறைச்சியை அனலில் வாட்டிப் பரிமாறும் உணவக நிறுவனம் ஒன்று, தனது தலைமைச் சமையல்காரருக்கு எல்-1பி கேட்டது. பிறந்து வளர்ந்த மண்ணின் பண்பாட்டிலிருந்து வரும் அறிவு சிறப்பறிவு ஆகாது என்று அதிகாரிகள் மறுத்தார்கள். அப்படி ஒட்டுமொத்தமாக ஒதுக்கிவிட முடியாது என்று 2014 அக்டோபரில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. அடுப்படிக்கே இத்தனை வழக்கு என்றால், மென்பொருளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2006-ல் நூற்றுக்கு ஆறு என்ற அளவில் இருந்த எல்-1பி நிராகரிப்பு, 2014-ல் முப்பத்தைந்தாக உயர்ந்தது. 2012 முதல் 2014 வரையிலான நிதியாண்டுகளில் இந்தியர்களுக்கான விண்ணப்பங்களில் 56 சதவீதம் நிராகரிக்கப்பட்டன; மற்ற நாட்டவருக்கு அது 13 சதவீதம் மட்டுமே. அரசுப் பதிவுகளைக் கொண்டு ஓர் அமெரிக்க ஆய்வு அமைப்பு 2015-ல் வெளியிட்ட கணக்கு இது. அதே சட்டம், அதே விதி. கடவுச்சீட்டு மட்டும் வேறு. அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வழிகாட்டு நெறி சற்றே தெளிவைத் தந்தது என்றாலும், தீர்ப்பு இன்றும் அதிகாரியின் மேசையில்தான் இருக்கிறது. இந்தியா முழுவதிலுமிருந்து பெருநிறுவனங்கள் மொத்தமாக அனுப்பும் எல்-1 விண்ணப்பங்களை ஒரு காலத்தில் சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம் மட்டுமே பரிசீலித்து வந்ததால், அந்த மேசையின் முன் நின்ற அனுபவம் தமிழகத்தில் பலருக்கும் உண்டு.

இதில் நமது நிறுவனங்கள் மாசற்றவை என்று சொல்லிவிடவும் முடியாது. அமெரிக்க ஊழியர்கள் சிலர் தங்களுக்குப் பதிலாக வந்த இந்தியர்களுக்குத் தாங்களே வேலை கற்றுக்கொடுத்துவிட்டு வெளியேற நேர்ந்த கதை, 2003-ல் அந்நாட்டு நாடாளுமன்ற விசாரணை வரை சென்றது. கற்றுக்கொடுத்துத்தான் வேலை தர வேண்டும் என்றால் அங்கே சிறப்பறிவு யாருடையது என்ற கேள்வியில் நியாயம் இருந்தது. வேறொரு நிறுவனத்தின் இடத்தில், அதன் கட்டுப்பாட்டில் வேலை செய்ய எல்-1பி ஊழியரை அனுப்பக் கூடாது என்று 2004-ல் சட்டம் வந்தது அதன் விளைவே.

அடுத்து வந்தது கட்டணம். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வைத்துக்கொண்டு, அவர்களில் பாதிக்கு மேற்பட்டோரை எச்-1பி, எல்-1 விசாக்களில் வைத்திருக்கும் நிறுவனங்கள் ஒவ்வோர் எல்-1 விண்ணப்பத்துக்கும் 2,250 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்று 2010 ஆகஸ்டில் சட்டம் இயற்றினார்கள். மெக்சிகோ எல்லையில் காவலைப் பலப்படுத்த அந்தப் பணமாம்! அப்போதைய வர்த்தக அமைச்சர் ஆனந்த் சர்மா எதிர்த்துக் கடிதம் எழுதினார். 2015 டிசம்பரில் கட்டணம் 4,500 டாலராக இரட்டிப்பானது. 2016 மார்ச்சில் இந்தியா உலக வர்த்தக அமைப்பின் கதவைத் தட்டியது. அந்த அமைப்பின் மேல்முறையீட்டு மன்றம் 2019 டிசம்பர் முதல் போதிய உறுப்பினர் இன்றி முடங்கிக் கிடக்கிறது.

கட்டணம் நிறுவனத்தின் சுமை. அதற்காக வாதாடியதில் தவறில்லை. ஊழியரின் சுமைக்காக அதே வேகத்தில் வாதாடியிருக்கிறதா தில்லி?

எல்-1பி ஊழியர் அமெரிக்காவில் அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள் இருக்கலாம். அவரது சம்பளத்தில் 6.2 சதவீதம் அந்நாட்டு சமூகப் பாதுகாப்பு நிதிக்குப் பிடிக்கப்படுகிறது. நிறுவனமும் அதே அளவு செலுத்துகிறது. ஆனால், ஓய்வூதியம் பெறத் தகுதி, பத்து ஆண்டுகள் சந்தா செலுத்தியவருக்கே. ஐந்து ஆண்டுகளில் திரும்பியாக வேண்டியவரிடம் பத்து ஆண்டுகள் கேட்கும் விந்தையான கணக்கு! ஆண்டுக்கு 80,000 டாலர் சம்பளம் என்று வைத்துக்கொண்டால், இரு தரப்பும் சேர்ந்து ஆண்டுக்கு 9,920 டாலர். ஐந்தாண்டில் 49,600 டாலர். எச்-1பிக்கு மாறினாலும் எல்-1 காலத்தையும் சேர்த்தே ஆறாண்டு என்பதால், கிரீன் கார்டு வரிசையில் இடம் பிடித்தவர்கள் நீங்கலாக மற்றவர்களுக்குக் கதி இதுவே. இந்தியச் சம்பளப் பட்டியலில் பெயர் நீடித்தால் இங்கே வருங்கால வைப்பு நிதிச் சந்தாவும் தொடரும்.

நிறுவனம் அழைத்துச் சென்ற விசா என்பதால் வேறு வேலைக்கும் தாவ முடியாது. வேலை போனால் 60 நாள் அவகாசம், அதற்குள் வேறு விசாவோ விமானமோ. மனைவியோ கணவனோ வேலை பார்க்கலாம் என்பது மட்டுமே இதில் ஓர் ஆறுதல். வெளிநாட்டுக்கு அனுப்பப்படும் ஊழியர் எந்த அளவுக்கு ஏமாற்றப்படலாம் என்பதற்கு 2014-ல் கலிபோர்னியாவில் ஒரு சான்று கிடைத்தது. பெங்களூரிலிருந்து வந்த எட்டு ஊழியர்களுக்கு ஒரு நிறுவனம் ரூபாய்க் கணக்கிலேயே சம்பளம் கொடுத்தது, மணிக்கு 1.21 டாலர். வாரத்தில் 122 மணி நேரம் வரை அவர்கள் உழைத்ததைக் கண்டுபிடித்து, 40,000 டாலருக்கு மேல் பாக்கியை வாங்கிக் கொடுத்தது அமெரிக்கத் தொழிலாளர் துறைதான்.

சந்தா சிக்கலுக்கு மருந்து இல்லாமல் இல்லை. பெல்ஜியத்துடன் செய்துகொண்ட சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2009 முதல் நடப்பில் இருக்கிறது. ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளும் பின்தொடர்ந்தன. தாய்நாட்டில் சந்தா கட்டுகிற சான்றிதழைக் காட்டினால் அங்கே பிடித்தம் இல்லை. பிரிட்டனுடனும் 2025-ல் வர்த்தக உடன்பாட்டை ஒட்டி மூன்றாண்டு விலக்கு பேசி முடிக்கப்பட்டது. இங்கு வேலை பார்க்கும் வெளிநாட்டவரின் முழுச் சம்பளத்துக்கும் வைப்பு நிதி பிடிக்க 2008 அக்டோபரில் விதி கொண்டுவந்ததும், ஒப்பந்தத்துக்கு வராத நாடுகளை வழிக்குக் கொண்டுவரவே. அந்த விதியைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2024-ல் செல்லாது என்றது, பிடி தளர்கிறது.

அமெரிக்காவின் சமாதானம் பழையது: இந்தியாவின் சமூகப் பாதுகாப்புத் திட்டங்கள் உழைப்பாளர்களில் பெரும்பகுதியைச் சென்றடையவில்லையாம். 2015 ஜனவரியில் ஒபாமா தில்லி வந்தபோது வெளியான கூட்டறிக்கையில் இதுபற்றிப் பேசுவோம் என்றார்கள். பத்தாண்டுகள் கடந்தும் பேச்சு பேச்சாகவே இருக்கிறது. அமைப்புசாராத் தொழிலாளரையும் உள்ளடக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருப்பது, பழைய சமாதானத்தை எதிர்கொள்ள இந்தியாவுக்குக் கிடைத்திருக்கும் புதிய வாதம். சட்டம் ஏட்டளவில் நின்றுவிட்டால் அந்த வாதமும் பலிக்காது என்பது வேறு விஷயம்.

வர்த்தகப் பேச்சுவார்த்தையில் அமெரிக்கா பாதாமுக்கும் ஆப்பிளுக்கும் சலுகை கேட்கும்போது, இந்தியா முதலில் கேட்க வேண்டியது இந்த ஒப்பந்தத்தை. ஆண்டுதோறும் எத்தனை இந்தியர்களின் எவ்வளவு சந்தா அங்கே தங்கிவிடுகிறது என்ற கணக்கைத் தொழிலாளர் துறை அமைச்சகம் இரு அவைகளிலும் வைக்கட்டும். விசா கட்டணத்துக்கு அவையில் குரல் எழுப்பும் உறுப்பினர்கள் அந்தக் கணக்கையும் கேட்டுப் பெறட்டும். 4,500 டாலர் கட்டணச் சட்டம் 2027 செப்டம்பர் 30-ல் காலாவதியாகிறது. அதை நீட்டிக்காமல் தடுக்க நிறுவனங்களின் சார்பில் வாஷிங்டனுக்குப் படையெடுப்பு நிச்சயம் நடக்கும். சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தத்துக்கோ இன்றுவரை தேதி இல்லை.