சைகோனில் பைக் ஓடப் பழகினால் தெரியும்

வியட்நாம் ட்ராஃபிக் வீடியோ ஒன்றைப் பகிர்ந்து, “இதுக்குள்ள ஓடினவன் உலகத்தில எங்கயும் ஓடுவான்” எண்டு எங்கட பெடியள் எழுதுறதைக் கண்டிருப்பீர்கள். 10 கோடிச் சனம், 7 கோடிக்கு மேல் பதிவான மோட்டார் சைக்கிள்கள். பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அங்கே வேலைக்குப் போய், அந்த வீதிகளில் பைக் ஓடப் பழகின ஆளாகச் சொல்கிறேன்: அதுக்கு வீரம் தேவையில்லை. தேவைப்படுவது எங்களிட்டக் குறைவாக இருக்கிற வேறொன்று.

முதலில் கழுத்தைப் பழக்க வேண்டும். அங்கே வாகனங்கள் வலப்பக்கமாகப் போகும். வீதியில் ஏற முதல் வலப்பக்கம் பார்த்தே வளர்ந்த எங்களுக்கு, முதலில் இடப்பக்கம் பார்க்க ஒவ்வொரு முறையும் நினைவுபடுத்த வேண்டியிருக்கும். பைக்கே பெரிய பிரச்சினை இல்லை. அநேகம் பேர் ஓடுற ஹொண்டா வேவில் கிளட்ச் பிடியே கிடையாது, கியரைக் காலால் போட்டால் சரி.

பிறகுதான் உண்மையான பாடம். ஒழுங்கையிலிருந்து வாறவர் பின்னால் பார்க்காமலே வீதியில் ஏறுவார். எங்களுக்குக் கோபம் வரும். அங்கே ஒருத்தருக்கும் கோபம் வராது. முன்னால் நடக்கிறது உன்ர பொறுப்பு, பின்னால் வாறவர் உன்னைப் பார்த்துக்கொள்வார் என்பதுதான் எழுதாத சட்டம். அதனால் செய்யவே கூடாதது சடுதியாக நிற்பதும் சடுதியாகத் திரும்புவதும். மெதுவாக, ஒரே சீராக, நீ எங்கே போகிறாய் எண்டு மற்றவருக்கு விளங்கிற மாதிரிப் போக வேண்டும். ஹோர்ன் அடித்தால் அது ஏச்சு இல்லை, “நான் இங்க நிக்கிறன்” எண்ட தகவல். பென் தான் சந்தைப் பக்கத்திலிருந்து மாரியம்மன் கோயிலுக்கு நடந்து வீதி கடக்கிறவருக்கும் இதே விதிதான்: ஓடாதே, நில்லாதே, சீராக நட.

இதைப் பெரிய ஞானமாக்கவும் தேவையில்லை. நெரிசலில் பைக்குகள் நடைபாதையில் ஏறும். அந்த நாட்டில் வீதியில் சாகிறவர்களில் பெரும்பாலானோர் மோட்டார் சைக்கிள்காரர். நெரிசல் குறைந்து வேகம் கூடுகிற இடத்தில் இந்த எழுதாத சட்டம் உதவாது. பஸ்ஸுக்கும் லொறிக்கும் அது ஒருபோதும் உதவாது. எழுதின சட்டங்கள் தேவைப்படுவது அதற்குத்தான். 2007 டிசம்பரிலிருந்து ஹெல்மெட் எல்லா வீதிகளிலும் கட்டாயம். 50 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்கு லைசன்ஸ் வேண்டும். வாடகைக் கடைக்காரர் ஒன்றும் கேளாமல் திறப்பைத் தந்துவிடுவார், ஆனால் அது அனுமதி ஆகாது. செல்லுபடியாகும் லைசன்ஸ் இல்லாமல் விழுந்தால் காப்புறுதிக்காரர் கைவிரிப்பார், ஆஸ்பத்திரிக் காசை ஊரில் இருக்கிற அம்மாதான் நகையை அடகு வைத்து அனுப்புவா. வெளிநாடு போற தம்பி தங்கச்சிமார் இதை வடிவாக விளங்கிக்கொள்ள வேண்டும்.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன்? இலங்கையில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள். எங்கட வீதிகளில் சைகோன் அளவு நெருக்கம் இல்லை, அதனால் வேகத்துக்கு இடம் இருக்கிறது. ஏ9 இல் மாடு படுத்திருக்கும், லைட் இல்லாத சைக்கிளில் ஒரு ஐயா வருவார், அதே வீதியில் இரண்டு பெடியள் போட்டிக்கு ஓடுவாங்கள். ஹெல்மெட் பொலிஸைக் கண்டால் மட்டும் தலையில் ஏறும். முந்தினவன் கெட்டிக்காரன், வழி விட்டவன் பயந்தவன் எண்டு நாங்கள்தான் பழக்கி வைத்திருக்கிறோம். செத்தவீட்டுக்குப் போய் “நல்லா ஓடுற பெடியன்” எண்டு கதைக்கிறதும் நாங்கள்தான்.

நல்லா ஓடுறது எண்டால் என்ன எண்டு நாங்கள் திரும்ப யோசிக்க வேணும். அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் எண்டு பின்னால் வாறவருக்கு முன்கூட்டியே தெரிந்தால், நீங்கள் நல்ல ஓட்டக்காரர். சிக்னலைப் போட்டுவிட்டுத் திரும்புங்கள். ஹெல்மெட் வாரைக் கொழுவுங்கள். உங்களை முந்துகிறவனை முந்த விடுங்கள்.