கடைசிப் பாயில் அமர்ந்த பிள்ளை

 

சென்ற மாதம் ஒருநாள், அஸர் தொழுகை முடிந்ததும் எங்கள் குருவிகுளத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். பி.ஏ. முடித்த அவர் மகள் முன்பு என்னிடம் ஓதியவள். "ஹஜ்ரத், காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் பி.எட். படிக்கப் போகிறாளாம். இரண்டு வருடமாம். எல்லாரையும் போல சாதாரண பி.எட். படித்தால் என்ன? நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்" என்றார்.

எடுத்துச் சொன்னேன், மகளுக்கன்று, தந்தைக்கு! அதற்குக் காரணமான என் பிழை ஒன்றை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் மக்தபில் ஒரு சிறுவன் ஓதினான். ஸீனும் ஷீனும் அவன் நாவில் ஒன்றாகவே வரும். எத்தனை முறை சொல்லிக் கொடுத்தும் திருந்தவில்லை. பிடிவாதம் என்றெண்ணிக் கண்டித்தேன். பிறகு கடைசிப் பாயில் உட்கார வைத்தேன். ஓராண்டு கழித்து மருத்துவர் பரிசோதித்தபோதுதான் அவனுக்குக் காது மந்தம் என்பது தெரிந்தது. உரத்த பேச்சு கேட்கும். ஸ, ஷ போன்ற மெல்லிய ஒலிகள் கேட்கமாட்டா. கேளாத பிள்ளையை நானே இன்னும் தொலைவில் தள்ளியிருந்தேன்!

அன்று எனக்கு இல்லாத அறிவைத்தான் இந்தப் படிப்பு தருகிறது. செவித்திறன், பார்வை, அறிவுத்திறன் எனக் குறைபாடுகளுள் ஒன்றைச் சிறப்புத் துறையாகக் கொண்டு பயில வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே பாடத்திட்டம் வகுக்கவும், சிறப்புப் பள்ளிகளுக்கே சென்று கற்பித்துப் பழகவும் பயிற்சி உண்டு.

இது நமக்குப் புதிதுமன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, நமக்கு அண்மையிலுள்ள பாளையங்கோட்டையில் பார்வையற்றோர்க்கு ஆஸ்க்வித் அம்மையாரும், செவித்திறனற்றோர்க்கு புளாரன்ஸ் சுவெய்ன்சன் அம்மையாரும் பள்ளி தொடங்கினர். அதற்கும் நெடுங்காலம் முன்னரே, கல்வி தேடி வந்த பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பொருட்டு 'அபஸ' எனும் 80ஆம் அத்தியாயம் அருளப்பெற்றதை நாம் அறிவோம். அறிந்தும் நம் மதரஸாக்களில் அத்தகைய பிள்ளைகளுக்கு எந்தப் பாயை விரித்திருக்கிறோம்?

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "வேலை கிடைக்குமா ஹஜ்ரத்?" என்றார். நியாயமான கேள்வி. தொடக்க வகுப்புகளில் இத்தகைய பிள்ளைகள் 10 பேருக்கும், உயர் வகுப்புகளில் 15 பேருக்கும் ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என மத்திய அரசு 2022இல் அளவு வகுத்தது. பணியிடங்களை உருவாக்குமாறு 2025இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆணையிட்டது. ஆணை வேலையாக மாறக் காலம் பிடிக்கலாம். ஆனால் தேவை கண்கூடு.

ஓர் எச்சரிக்கையும் சொன்னேன். இக்கல்வியை முறைப்படுத்துவது 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் இந்திய மறுவாழ்வுக் குழுமம். கல்லூரிக்கு மட்டுமன்றி, மகள் தேர்ந்தெடுக்கும் துறைக்கும் அக்குழுமத்தின் அங்கீகாரம் உண்டா என்று பார்த்த பின்னரே பணம் கட்ட வேண்டும். படிப்பு முடிந்ததும் குழுமத்தில் பெயரைப் பதிவு செய்வது கட்டாயம்; பதிவின்றிப் பணிபுரிவது தண்டனைக்குரிய குற்றம்.

"அப்படியானால் நாளையே விசாரித்துவிடுகிறேன்" என்று அவர் எழுந்தார்.

தாய்மார்களே! அழைத்தால் திரும்பாத பிள்ளையை, எழுத்தைத் தலைகீழாக எழுதும் பிள்ளையை, 'மக்கு' என்று சொல்லுமுன் மருத்துவரிடம் காட்டுங்கள். படித்த உங்கள் மகள் இத்துறையை விரும்பினால் தடுக்காதீர்கள்.

அன்றைய சிறுவன் இன்று கடை வைத்திருக்கிறான். என்னைக் கண்டதும் முகமலர்ந்து ஸலாம் சொல்வான். அந்த ஸலாமில் ஸீன் இன்னும் தெளிவாக இல்லை. அந்தப் பிழை அவனுடையதன்று.

வல்ல அல்லாஹ் நம் பிழைகளை மன்னிப்பானாக! வஸ்ஸலாம்.