சேவைக்கும் கணக்கு உண்டு

“சம்பளமா வாங்குறாங்க? நல்லது செய்ய வந்தவங்களைப் போய்க் கேள்வி கேக்கலாமா?” குழந்தைகள் நலக் குழுவைப் பற்றி யாராவது வாய் திறந்தால் இப்படித்தான் அடக்கிவிடுகிறோம். சேவை என்றாலே கணக்குக் கேட்கக் கூடாது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அது தவறு.

2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, இந்தக் குழுவில் தலைவரோடு சேர்த்து ஐந்து பேர். அமர்வுக்குப் படிதான், மாதச் சம்பளம் கிடையாது. ஆனால் அதிகாரம் முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்கு உரியது. குழந்தையைப் பெற்றவரிடம் அனுப்புவதா, இல்லத்தில் சேர்ப்பதா, வளர்ப்புக் குடும்பத்திடம் கொடுப்பதா, தத்துக்கு உரியது என்று அறிவிப்பதா என்பதெல்லாம் இவர்கள் கையெழுத்தில்தான் முடிவாகிறது. படி சிறியது என்பதற்காக அந்தக் கையெழுத்தின் கனம் குறைந்துவிடுமா?

அடுத்த சாக்கு, ரகசியம். சட்டத்தின் 74ஆம் பிரிவு மறைக்கச் சொல்வது குழந்தையின் அடையாளத்தை. குழு எத்தனை நாள் கூடியது என்பதை அல்ல. மாதம் 20 நாளாவது கூட வேண்டும், ஆண்டு அமர்வுகளில் முக்கால் பங்குக்கு வராத உறுப்பினரை நீக்கலாம், மாவட்ட ஆட்சியர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு செய்ய வேண்டும் என்று விதித்திருப்பதும் அதே சட்டம்தான். குழுவின் மேல் குறை இருந்தால் ஆட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். இந்த வழி இருப்பதே நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அமெரிக்காவில் 1977இல் சியாட்டில் நீதிபதி டேவிட் சூகப் தொடங்கிய முறையில், நீதிமன்றத்தில் குழந்தைக்காகப் பேசுவோர் ஊதியமில்லாத் தன்னார்வலர்களே. பின்னணியை விசாரித்து, பயிற்சி கொடுத்த பிறகே அவர்களிடம் குழந்தையின் வழக்கை ஒப்படைக்கிறார்கள். வெறும் நல்ல மனம் அங்கே போதாது.

வெறும் நம்பிக்கையின் விலை நமக்கும் தெரிந்ததே. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது சேலத்தில். ஆனால் 2019 ஏப்ரலில், பக்கத்து நாமக்கல் மாவட்டத்து ராசிபுரத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் பச்சிளம் குழந்தைகளுக்கு விலை பேசுவதாக ஓர் ஒலிப்பதிவு பரவி, விசாரணை சிபிசிஐடி வரை போனது. குழந்தை கைமாறும் இடத்தில் எவரையும் ‘நல்லவர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்காக நம்பிவிட முடியாது.

மாரியம்மன் பண்டிகை முடிந்தால் வரவு செலவை நோட்டீஸ் அடித்து ஒட்டுகிறோம். விழாக் குழுவும் சம்பளம் வாங்குவதில்லை. கணக்குக் காட்டுவதை யாரும் அவமானமாக எடுத்துக்கொள்வதும் இல்லை. அமர்வுகள், வருகை, வந்த குழந்தைகள், முடிந்த வழக்குகள், நிலுவை, புகார்கள் என ஆறு எண்களைப் பெயரில்லாமல் கலெக்டர் ஆபீஸ் பலகையில் ஒட்டினால் எந்தக் குழந்தையின் ரகசியமும் கெடாது. சேலமும் நாமக்கல்லும் அடுத்த காலாண்டு ஆய்விலிருந்தே தொடங்கட்டும்.