சாய்தளம் கட்டினால் மட்டும் போதுமா?

பல அலுவலகங்களில் வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் இருக்கும். திறப்பு விழா அன்று அது பளிச்சென்று இருந்திருக்கும். இன்று போய்ப் பார்த்தால் அதன் மேல் இரண்டு பைக்குகள் நிற்கும். கேட்டால், "சாய்தளம் இருக்கே சார்" என்பார்கள். இணையத்தில் நடப்பதும் இதேதான்.

ரயில் டிக்கெட், வங்கிக் கணக்கு, கல்லூரி விண்ணப்பம் என எல்லாமே இன்று வலைச் செயலிகளுக்குப் போய்விட்டன. பார்வையற்றவர்கள் இவற்றைத் திரை வாசிப்பான் என்ற மென்பொருளின் உதவியோடு பயன்படுத்துகிறார்கள். திரையில் உள்ளதை அது குரலில் படித்துக் காட்டும். என்விடிஏ என்ற திரை வாசிப்பான் முற்றிலும் இலவசம். 2006-ல் அதை உருவாக்கத் தொடங்கிய ஆஸ்திரேலியர் மைக்கேல் கரனும் பார்வையற்றவரே. ஆக, பயன்படுத்துபவர் பக்கம் கருவி தயார். செயலியை எழுதுபவர் பக்கம்தான் தயாராக இல்லை.

வெப்எய்ம் என்ற அமைப்பு ஆண்டுதோறும் 10 லட்சம் இணையதளங்களின் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2025-ல் அவற்றில் 94.8 சதவீதப் பக்கங்களில் தானியங்கிச் சோதனையிலேயே பிழை தெரிந்தது. அவை பெரிய தொழில்நுட்பச் சிக்கல்களா என்றால், இல்லை. மங்கலான எழுத்து, விளக்கம் இல்லாத படம், பெயர் இல்லாத படிவக் கட்டம், வெறுமையான பொத்தான் போன்றவைதான். பொத்தானுக்கென்றே எச்டிஎம்எல்-லில் ஒரு குறி இருக்க, வெறும் பெட்டிக்கு வண்ணம் பூசிப் பொத்தானாகக் காட்டுவார்கள். மவுஸ் பிடிப்பவருக்கு அது வேலை செய்யும். டேப் விசையை மட்டும் நம்பியிருப்பவருக்கு அங்கே பொத்தானே இல்லை.

"எத்தனை பேர் இதற்காக வரப்போகிறார்கள்? செலவு யார் செய்வது?" என்பது வழக்கமான கேள்வி. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 2.68 கோடி பேர். இவர்களோடு கண்புரை வந்த தாத்தாவையும், உச்சிவெயிலில் போன் பார்க்கும் டெலிவரி பையனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்கிறது டபிள்யூசிஏஜி என்ற உலகளாவிய நெறிமுறை. அதைக் கடைப்பிடித்தால் இவர்கள் எல்லோருக்கும் பயன்.

செலவுக் கணக்கில்தான் உண்மையான தவறு இருக்கிறது. கணக்கியல் பாடத்தில் மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு என்று இரண்டு வகை உண்டு. கட்டடம் கட்டுவது முதல் வகை. அதைத் தினமும் கூட்டிப் பெருக்குவது இரண்டாவது. அணுகல்தன்மையை நிறுவனங்கள் முதல் வகையில் எழுதிவிடுகின்றன. ஒருமுறை ஆளை அமர்த்திச் சரிசெய்து, சான்றிதழும் வாங்கி மாட்டியாயிற்று. அடுத்த மாதம் புதிய வடிவமைப்பு வரும், புதிய கேப்சா வரும். பழைய பிழைகள் எல்லாம் திரும்ப வந்துவிடும்.

செய்ய வேண்டியது எளிது. செயலியை எழுதும் முதல் நாளே ஆக்ஸ், லைட்ஹவுஸ் போன்ற இலவசச் சோதனைக் கருவிகளை இணைத்துவிட வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அந்தச் சோதனை தானாக ஓட வேண்டும். தேறாவிட்டால் வெளியீடு நிற்க வேண்டும். கருவி எல்லாவற்றையும் பிடிக்காது. ஆகவே மவுஸை ஒதுக்கிவிட்டு விசைப்பலகையால் மட்டும் ஒருமுறை முழுதும் ஓட்டிப் பார்க்க வேண்டும். முக்கியமாக, திரை வாசிப்பானை அன்றாடம் பயன்படுத்தும் ஒருவரிடம் கூலி கொடுத்துச் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

சட்டமும் இப்போது இதன் பக்கம்தான். 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. அடையாளச் சரிபார்ப்புக்குக் கேமரா முன் கண் சிமிட்டச் சொன்னதால் ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் உச்ச நீதிமன்றத்தை நாடினார்கள். டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 ஏப்ரல் 30-ல் தீர்ப்பு வந்தது.

தீர்ப்பு சாய்தளத்தைக் கட்டவைக்கும். ஆனால் அதன் மேல் பைக்கை நிறுத்தாமல் பார்த்துக்கொள்வது அங்கே தினமும் வேலை செய்பவர்களின் கையில்தான் இருக்கிறது.