எலும்பின் வயதும் ஆட்டத்தின் வயதும்: கால்பந்து அகாடமிகள் யாரைத் தேர்ந்தெடுக்கின்றன?

கால்பந்து அகாடமிகளில் நடக்கும் வயது மோசடியைப் பற்றி நம் நாட்டில் எப்போது பேசினாலும் பேச்சு மூன்று இடங்களில் மட்டுமே சுற்றி வருகிறது: போலிப் பிறப்புச் சான்றிதழ், அதைக் கண்டுபிடிக்கும் எக்ஸ்ரே, கண்டுபிடித்த பின் விதிக்கப்படும் தடை. 2025 மார்ச்சில் ஒன்றிய விளையாட்டு அமைச்சகம் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிட்ட வயது மோசடித் தடுப்பு விதிகளின் வரைவும் பெரும்பாலும் இந்தத் தடத்திலேயே செல்கிறது. மோசடி தவறு என்பதில் ஐயமில்லை. உண்மை வயதோடு வந்த ஒரு சிறுவனின் இடத்தை அது பறிக்கிறது. ஆயினும் அந்த மோசடிக்கு ஏன் பலன் கிடைக்கிறது என்ற கேள்வியை நாம் எழுப்புவதில்லை. பதினைந்து வயதுச் சிறுவனைப் பதின்மூன்று வயதினன் என்று காட்டியவுடன் ஓர் அகாடமி அவனை விரும்பி எடுத்துக்கொள்கிறது என்றால், அந்த அகாடமி உண்மையில் எதை அளக்கிறது?

என் வாதம் இதுதான். வயது மோசடியும், நேர்மையான சான்றிதழோடு வரும் சிறுவர்களிடையே ஓசையின்றி நடக்கும் பாகுபாடும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. உடல் முதிர்ச்சியைத் திறமை என்று கொள்ளும் தேர்வுமுறையே அந்த வேர். அதைத் தொடாமல் எக்ஸ்ரேக்களை மட்டும் பெருக்குவதால் பயன் மிகக் குறைவு.

முதலில் நேர்மையான சான்றிதழ்களை எடுத்துக்கொள்வோம். 1985இல் கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களை ஆராய்ந்தவர்கள் ஒரு விந்தையைக் கண்டனர். உயர்நிலை இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் மிகுதியாகவும், கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் மிகக் குறைவாகவும் இருந்தனர். அங்கே வயதுப் பிரிவு ஜனவரி 1இல் தொடங்கியது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடினர். முன்னவன் ஏறத்தாழ ஓராண்டு மூத்தவன். இதைச் சார்பு வயது விளைவு என்கிறோம். பின்னர் பல நாடுகளின் கால்பந்திலும் இது மீண்டும் மீண்டும் உறுதிசெய்யப்பட்டது.

இவற்றுள் பெல்ஜியத்தின் சான்று மிகத் தெளிவானது. அங்கே இளையோர் கால்பந்தின் வயதுக் கணக்கு முன்பு ஆகஸ்ட் 1இல் தொடங்கியது. 1997இல் அது ஜனவரி 1க்கு மாற்றப்பட்டது. அதற்கு முன் ஆகஸ்டையும் அதை அடுத்த மாதங்களையும் சேர்ந்த சிறுவர்கள் தேர்வில் முன்னணியில் இருந்தனர். மாற்றத்துக்குப் பின் அந்த முன்னணி ஆண்டின் தொடக்க மாதங்களுக்கு இடம்பெயர்ந்தது. ஓரிரு ஆண்டுகளில் பெல்ஜியச் சிறுவர்களின் கால்திறன் மாறியிருக்க வாய்ப்பில்லை. மாறியது நாட்காட்டி மட்டுமே. பயிற்சியாளர்கள் தாங்கள் திறமையைத் தேர்ந்தெடுப்பதாகவே முன்பும் நம்பினர், பின்பும் நம்பினர்.

இங்கிலாந்தில் பள்ளியாண்டைப் போலவே கால்பந்தின் வயதுக் கணக்கும் செப்டம்பர் 1இல் தொடங்குகிறது. அங்குள்ள தொழில்முறைக் கிளப்புகள் ஒன்பது வயதுக்குட்பட்டோர் பிரிவிலிருந்தே சிறுவர்களைப் பதிவு செய்கின்றன. 2012இல் நடைமுறைக்கு வந்த திட்டம் அகாடமிகளை நான்கு தரங்களாகப் பிரித்து, பயிற்சி நேரம் முதல் பணியாளர் எண்ணிக்கை வரை அனைத்தையும் வரையறுத்தது. அத்தனை கட்டுப்பாடுகளுக்கும் நடுவே செப்டம்பர் முதல் நவம்பர் வரை பிறந்தவர்கள் மிகுந்தும், கோடையில் பிறந்தவர்கள் குறைந்தும் இருக்கும் சாய்வு நீங்கவில்லை. காரணம் எளியது. ஒன்பது வயதுக் குழந்தைக்குப் பதினொரு மாதம் என்பது வாழ்ந்த வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கு.

பருவ வளர்ச்சி இதன்மேல் இன்னோர் அடுக்கைச் சேர்க்கிறது. சிறுவர்களின் உயர வளர்ச்சி சராசரியாகப் பதினான்கு வயதை ஒட்டி உச்சம் தொடுகிறது. ஆனால் ஒருவனுக்கு அது பன்னிரண்டிலேயே வரலாம். இன்னொருவன் பதினாறு வரை காத்திருக்கலாம். ஒரே நாளில் பிறந்த இருவர் பதின்மூன்றாம் வயதில் அண்ணன் தம்பி போலத் தோன்றுவது இயல்பே. தேர்வு முகாமில் இருவரும் பந்துக்காக மோதும்போது யார் விழுவார் என்று சொல்ல நிபுணர் தேவையில்லை.

அதன்பின் நிகழ்வதே கொடியது. தேர்ந்தெடுக்கப்பட்டவனுக்கு நல்ல பயிற்சியாளர், ஊட்டமான உணவு, மருத்துவக் கவனிப்பு, வலுவான எதிரணிகள் ஆகிய அனைத்தும் கிடைக்கின்றன. தள்ளப்பட்டவன் தெருவுக்கோ பள்ளி மைதானத்துக்கோ திரும்புகிறான். நான்கு ஆண்டுகள் கழித்து இருவரையும் ஒப்பிட்டால் இடைவெளி உண்மையானதாகவே இருக்கும். அப்போது அகாடமி தன் பழைய முடிவு சரியென்று மெய்ப்பித்துக்கொள்கிறது. ஒரு கணிப்பு தன்னைத் தானே நிறைவேற்றிக்கொள்வதற்குச் சமூகவியல் வகுப்பில் இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டைத் தர முடியாது.

‘திறமை இருந்தால் எப்படியும் மேலே வருவான்’ என்பார் உண்டு. உயரக் குறைவால் பிரெஞ்சுக் கிளப்புகள் பல தள்ளிவிட்ட ஆந்துவான் கிரீஸ்மான், ஸ்பெயினின் ரியால் சோசியதாத் கிளப்பில் வளர்ந்து 2018இல் பிரான்சுக்காக உலகக் கோப்பையை வென்றார். சிறிய உடல் என்று ஷெஃபீல்டு வென்ஸ்டே கிளப்பிலிருந்து பதினாறு வயதில் விடுவிக்கப்பட்ட ஜேமி வார்டி, 2016இல் லெஸ்டர் சிட்டி அணியுடன் பிரீமியர் லீக் பட்டம் பெற்றார். இக்கதைகள் ஆறுதல் தருபவை. எனினும் இவை தப்பிப் பிழைத்தவர்களின் கதைகள். திரும்பி வராதவர்களைப் பற்றி வாழ்க்கை வரலாறுகள் எழுதப்படுவதில்லை. அறிவியல் முறையைக் கற்றவர்கள் இந்த மாதிரித் தேர்வுப் பிழையை மறக்கலாகாது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே இச்சிக்கல் மூன்று காரணங்களால் கூர்மையடைகிறது.

முதலாவது, நம் இளையோர் போட்டிகள் பெரும்பாலும் ஈராண்டு அடுக்குகளாகவே வகுக்கப்படுகின்றன. ஓராண்டு அடுக்கில் பன்னிரண்டு மாதமாக இருக்கும் இடைவெளி இங்கே இருபத்து நான்கு மாதம் வரை விரிகிறது.

இரண்டாவது, பிறந்த தேதியே பலருக்கு உறுதியற்றது. பள்ளியில் சேர்க்கும் நாளில் தலைமையாசிரியர் சேர்க்கைக்குத் தக்கபடி எழுதிய தேதியையே ஆயுள் முழுவதும் சுமப்பவர்கள் நம் குடும்பங்களில் எத்தனை பேர்! பிறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் இயற்றப்பட்டது. 2023 அக்டோபர் 1க்குப் பின் பிறந்தவர்களுக்குத்தான் பிறப்புச் சான்றிதழ் பிறந்த தேதிக்கான முதன்மைச் சான்றாக ஆக்கப்பட்டுள்ளது. இன்று அகாடமி வாசலில் நிற்கும் சிறுவர்கள் அதற்கு முந்தைய தலைமுறை. அவர்களுள் ஏமாற்றுபவன் யார், தன் உண்மைத் தேதியையே அறியாதவன் யார் என்று பிரிப்பது எளிதன்று.

மூன்றாவது, அகாடமியில் ஓர் இடம் என்பது இங்கே விளையாட்டு வாய்ப்பைவிடப் பெரியது. 1987இல் ஜாம்ஷெட்பூரில் தொடங்கப்பட்ட டாட்டா கால்பந்து அகாடமி முதல், 2015இல் உருவான ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் யங் சாம்ப்ஸ் வரை, உண்டு உறைந்து பயிலும் அகாடமிகள் கல்வியையும் உணவையும் எதிர்காலத்தையும் சேர்த்தே வழங்குகின்றன. ஏழைக் குடும்பத்துக்கு அது ஒரு கல்லூரி இடத்துக்கு நிகர். பதின்மூன்று வயதில் பெரிய உடலுக்கு அந்த இடம் கிடைக்கிறது என்று தெரிந்தால், ஈராண்டைக் குறைக்கும் ஆசை எங்கிருந்து பிறக்கிறது என்பதும் தெரிந்துவிடுகிறது. அந்த முடிவை எடுப்பவர்கள் பெரியவர்கள். தடை விழுவது சிறுவனின் தலையில்.

இதற்கு மருந்தாக நாம் நம்புவது டி.டபிள்யூ.3 என்னும் முறை. இடது கையையும் மணிக்கட்டையும் எக்ஸ்ரே எடுத்து எலும்பு முதிர்ச்சியை மதிப்பிடுவது அது. ஒரே உண்மை வயதுடைய சிறுவர்களிடையே எலும்பு வயதின் திட்ட விலக்கம் ஏறத்தாழ ஓராண்டு. அதாவது, எலும்பு வயது மெய்யான வயதிலிருந்து ஓராண்டு விலகுவது நோயும் அன்று, மோசடியும் அன்று, சாதாரண இயற்கை. விரைவாக முதிரும் உண்மையான பதின்மூன்று வயதினன் இச்சோதனையில் தோற்கலாம். மெதுவாக முதிரும் பதினான்கு வயதினன் தேறிவிடலாம். முகாமில் அவனை உயர்த்திய அதே உடல் சோதனைக் கூடத்தில் அவனைக் குற்றவாளி ஆக்குகிறது. 2009 முதல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஃபிஃபா பயன்படுத்தும் எம்.ஆர்.ஐ. முறையும், மணிக்கட்டின் ஆரை எலும்பு முழுமையாக இணைந்துவிட்டதா என்ற ஒற்றைக் கேள்விக்கே விடை தருகிறது. ஒருவனின் பிறந்தநாளை எந்தக் கருவியும் படிப்பதில்லை.

எனில் செய்யக்கூடியது என்ன? மாற்று வழிகள் ஏற்கெனவே களத்தில் உள்ளன. இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் துணையோடு பிரீமியர் லீக் அகாடமிகள் பயோ-பேண்டிங் முறையில் போட்டிகள் நடத்தியுள்ளன. எதிர்பார்க்கப்படும் முழு உயரத்தில் எத்தனை விழுக்காட்டை ஒருவன் எட்டிவிட்டான் என்று கணித்து, ஒத்த முதிர்ச்சியுள்ளவர்களை ஒன்றாக ஆடவைப்பது இம்முறை. முதிர்ந்தவன் வலிமையால் மட்டும் வெல்ல முடியாமல் நுட்பத்தைத் தேடுகிறான். முதிராதவனுக்குத் தன் ஆட்டத்தைக் காட்ட இடம் கிடைக்கிறது. பெல்ஜியக் கால்பந்துச் சம்மேளனம் தாமதமாக முதிரும் இளைஞர்களுக்கென்றே ‘ஃப்யூச்சர்ஸ்’ என்ற தனித் தேசிய அணிகளை நடத்துகிறது. லண்டனின் பிரென்ட்ஃபோர்டு கிளப் 2016இல் தன் அகாடமியை மூடிவிட்டு, பிற கிளப்புகள் விடுவித்த இளைஞர்களைக் கொண்டு ‘பி’ அணியை அமைத்தது. குழந்தைகளைக் கைவிட்ட முடிவு என்று அதைக் குறைகூற இடமுண்டு. ஆனாலும் பிறர் ஒதுக்கியவர்களிடையே தொழில்முறை வீரர்கள் இருக்கிறார்கள் என்ற உண்மையின்மேல் ஒரு கிளப் தன் பணத்தை வைத்தது.

நம் அகாடமிகளுக்கும் சம்மேளனத்துக்கும் நான்கு பரிந்துரைகளை முன்வைக்கிறேன்.

1. ஒவ்வோர் அகாடமியும் தன் சிறுவர்களின் பிறந்த மாதப் பரவலை, பெயர்களின்றி, ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இதற்குச் செலவில்லை. முதல் காலாண்டு வீங்கியிருந்தால் தேர்வுமுறை நோயுற்றிருக்கிறது என்று பொருள்.

2. இளையோர் பயிற்சியாளரைக் கோப்பைகளின் எண்ணிக்கையால் மதிப்பிடுவதை நிறுத்த வேண்டும். கோப்பை கேட்டால் அவர் பெரிய உடல்களைத்தான் தேடுவார். அதற்காக அவரைக் குறைசொல்லவும் முடியாது.

3. பதினைந்து முதல் பதினேழு வயது வரை புதியவர்களுக்கும் விடுவிக்கப்பட்டவர்களுக்கும் குறிப்பிட்ட இடங்களை ஒதுக்க வேண்டும். பதின்மூன்றில் மூடும் கதவு மறுபடி திறக்கும் என்று தெரிந்தால் பொய்ச் சான்றிதழின் விலை தானே சரியும்.

4. எலும்புச் சோதனை மட்டும் தீர்ப்பாகக் கூடாது. ஆவணங்கள், பள்ளிப் பதிவேடு, மேல்முறையீடு ஆகியவற்றோடு சேர்த்தே அது எடைபோடப்பட வேண்டும். தாமாக முன்வந்து உண்மை வயதைச் சொல்வோருக்கு ஒருமுறை மன்னிப்பு என்று அமைச்சகத்தின் வரைவு கூறுவது வரவேற்கத்தக்கது. பாதி வழியில் வெளியேற்றப்படும் சிறுவனின் பள்ளிப்படிப்பு அறுபடாமல் காக்கும் பொறுப்பையும் அகாடமியிடம் வைக்க வேண்டும்.

‘தொழில்முறைக் கால்பந்துக்கு உடல்வலிமை வேண்டாமா?’ என்று கேட்கப்படும். வேண்டும், இருபது வயதில். பதின்மூன்றில் தெரியும் வலிமை பெரும்பாலும் காலம் முன்கூட்டிக் கொடுத்த கடன். மற்றவர்கள் வளர்ந்தவுடன் அந்த ஆதாயம் கரைகிறது. அதை நிரந்தரச் சொத்தாக எண்ணி முதலீடு செய்யும் கிளப் தனக்கும் நட்டம் தேடிக்கொள்கிறது. டிசம்பரில் பிறந்ததாலும் மீசை அரும்பத் தாமதமானதாலும் ஒரு சிறுவன் இழப்பது அந்த நட்டத்தைவிடப் பெரிது. தான் ஏன் தள்ளப்பட்டோம் என்று அவனுக்கு யாரும் சொல்வதில்லை. தனக்கு ஆட்டம் வராது என்று அவனே முடிவு செய்துகொள்கிறான்.

விளையாட்டுக் கல்வி, புள்ளியியல், குழந்தை மருத்துவம் ஆகிய துறைகளைச் சார்ந்த நண்பர்களின் மறுப்புகளையும் திருத்தங்களையும் வரவேற்கிறேன். குறிப்பாக, உங்கள் மாநிலத்தின் இளையோர் அணிப் பட்டியல் கைவசம் இருந்தால், பிறந்த மாதங்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஒரு மாலைப்பொழுதில் முடிகிற வேலை அது.