எல்லைக்கு அப்பால் ஒரு வகுப்பறை

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை. பெயர்ப்பலகையின் எழுத்து மாறுகிறது. பல வீடுகளில் பேச்சு மாறுவதில்லை.

இங்குத் தமிழாசிரியர்களுக்குப் பயிற்சியளிக்கச் செல்லும் தொண்டர்கள் ஒருநாள் முகாமோடு திரும்புவது போதாது. சில மாதங்களேனும் ஊரில் தங்கவேண்டும் என்பதே எம் கருத்து. தேநீர்க்கடையில் 'வெள்ளம்' கேட்டால் குடிநீர் வரும். தமிழ்ப் பாடநூலிலோ அதே சொல் ஊரை மூழ்கடிக்கும். (குமரியில் நம்மவர் பலரும் அப்படித்தான் கேட்கிறார்கள்!) 'வெள்ளம் குடித்தேன்' என்று குழந்தை எழுதினால் உடனே சிவப்பு மையால் அடிப்பதா? அதன் வீட்டுச்சொல்லை மதித்து, அருகில் 'தண்ணீர்' என்று எழுதிக் காட்டும் ஆசிரியரே எமக்கு வேண்டும். அத்தகையோர் குறைந்தால், வீட்டில் தமிழ் பேசும் பேரப்பிள்ளை, பாட்டியின் தமிழ்க் கடிதத்தைப் பிறரிடம் கொடுத்தே படிக்கச் சொல்லவேண்டியிருக்கும்.